நடுகையில் எஞ்சிய விதை வெங்காயம்

நடுகை முடிந்த மாலையில் தோட்டத்து மூலையில் ஒரு சாக்கு விதை வெங்காயம் எஞ்சிக் கிடப்பதைக் கற்பிட்டிப் பக்கத்தில் யாரும் காணலாம். பாத்திகள் நிறைந்துவிட்டன. கூலிக்கு வந்தவர்கள் கை கால் கழுவிப் புறப்பட்டுவிட்டார்கள். குறைந்துபோகுமோ என்ற பயத்தில் சற்றுக் கூடுதலாக வாங்கிய விதை மிஞ்சிவிட்டது. அந்தச் சாக்குக்கு என்ன நடக்கின்றது? சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறிக்கு எடுப்பார்கள். சிலர் கடைக்காரர் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பலருடைய சாக்கு, தண்ணீர் மோட்டார்க் கொட்டிலுக்குள் கட்டியபடியே கிடந்து, முளைத்து, அழுகி, நாற்றம் பொறுக்க முடியாமல் ஒருநாள் வேலிக்கு அப்பால் கொட்டப்படும். அடுத்த போகம் வரும்போது அதே தோட்டக்காரர் விதைக்காக முதலாளியின் வாசலில் நிற்பார்.

இவ்விதழில் அந்த ஒரு சாக்கைப் பற்றியே பேச எண்ணுகின்றோம்.

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, கண்டக்குளி என்று எங்கு பார்த்தாலும் மணல்தான். மணலுக்குக் கீழே மழையால் சேர்ந்த நன்னீர், உவர் நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. ஆழமில்லாத கிணறு ஒன்றைத் தோண்டி, அந்த நீரை இறைத்தே நம்மவர்கள் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் செய்கின்றார்கள். சின்ன வெங்காயம் இரண்டு இரண்டரை மாதத்தில் கையில் காசு தரும் பயிர். ஆனால் நெல்லைப் போல் ஒரு புசலை வாங்கி வயல் முழுவதும் விதைக்கும் பயிரல்ல இது. குமிழையே விதையாக ஊன்ற வேண்டும். எனவே விதைச் செலவு மிகப் பெரிது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பத்துச் சதமமீற்றருக்குப் பத்துச் சதமமீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீற்றருக்கு 100 குமிழ்கள் செல்லும். ஒரு குமிழ் 3 கிராம் என்றால் அது 300 கிராம். கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். வாய்க்காலுக்கும் நடைவழிக்கும் விட்டது போக, 250 கிலோ, அதாவது ஐந்து அந்தர் விதை வேண்டும். நடுகைக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் விதை தேவைப்படுவதால், அன்றைய விலை அறுவடைக் கால விலையைப் போல் இருப்பதில்லை. கையில் காசில்லாதவருக்கு முதலாளி விதையைக் கடனாகக் கொடுப்பார். அறுவடையை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. இப்படி நட்ட நாளிலேயே விளைச்சல் விற்கப்பட்டுவிடுகின்றது.

திருவிவிலியத்தில் தொடக்கநூல் 47ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பஞ்சத்தில் எகிப்து மக்கள் பணத்தையும் மந்தைகளையும் கொடுத்து முடித்து, கடைசியில் நிலத்தையும் தங்களையும் கொடுக்க முன்வந்து, யோசேப்பிடம் விதை கேட்கின்றார்கள். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு என்று முடிவாகின்றது. எங்கள் குழுக் கூட்டமொன்றில் இப்பகுதியை வாசித்தபோது ஒரு தோட்டக்காரர் சிரித்தபடி, "ஐந்தில் ஒண்டு தானே! பார்வோன் நல்ல முதலாளி" என்றார். எவரும் மறுத்துப் பேசவில்லை.

நாம் செய்த தவறு

இந்த நிலையை மாற்ற எண்ணி, சில வருடங்களுக்கு முன் நாம் ஒரு குழுவோடு சேர்ந்து விதை வைப்பு ஒன்றைத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் தம்மிடம் எஞ்சியதையும், அறுவடையில் ஒரு பங்கையும் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு அந்தர் சேர்ந்தது. பொலிசாக்குகளில் கட்டி, ஒரு மண்டபத்தின் சீமெந்துத் தரையில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். மழைச் சாரல் படக்கூடாதென்று யன்னல்களையும் பூட்டினோம். எவ்வளவு கவனம் பாருங்கள்! ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது கிழமை கதவைத் திறந்தபோது உள்ளே நிற்க முடியவில்லை. அடி வரிசைச் சாக்குகளிலிருந்து நீர் வடிந்திருந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. அவ்வருடம் குழுவிலிருந்த எட்டுப் பேர் மீண்டும் முதலாளியிடமே போனார்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுதுவது நேர்மையாகாது.

அந்தக் குழுவில் ஒரு ராத்தா இருந்தார். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கையில் எதுவுமின்றி வந்தவர்களில் பலர், பெண்கள் உட்பட, இங்குள்ள வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்தே பிள்ளைகளை வளர்த்தார்கள். ராத்தாவும் அப்படி வந்தவர். பல வருடம் பிறருடைய வெங்காயத்தைப் பிடி கட்டிக் கொடுத்து, பிறகு குத்தகைக்குச் சிறு துண்டு நிலம் எடுத்தவர். மண்டபத்தில் நாம் தலையில் கைவைத்து நின்றபோது அவர் சொன்னார்: "தம்பி, அது உயிருள்ள சாமான். மூச்சு விட வேணும். நீங்க சாக்கில கட்டி, யன்னலயும் பூட்டினா என்ன செய்யும்?"

அவர் தம் பங்கில் ஒரு பகுதியை மட்டுமே வைப்புக்குத் தந்திருந்தார். மீதி அவர் குசினியில், அடுப்புக்கு மேலே குறுக்குத் தடியில், தாளோடு பிடி பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புகை படிந்து கறுத்திருந்தாலும் குமிழ்கள் கல்லுப் போல இருந்தன.

குமிழின் தூக்கம்

ராத்தா சொன்னதற்கு விஞ்ஞான விளக்கமும் உண்டு. அறுவடை செய்த வெங்காயம் உறங்குகின்றது. புதிதாகக் கிண்டிய குமிழை உடனே நட்டால் ஒன்று முளைக்கும், ஒன்று கிடக்கும். பயிர் ஒரு சீராக வராது. ஒன்றரை மாதமாவது வைத்திருந்து நடுவது நல்லது. உறங்கும்போதும் அது மூச்சு விடுகின்றது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகின்றது. குவியலில் அந்த ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் வேர் துளிர்க்கும், கரும்பூஞ்சணம் பிடிக்கும், அழுகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்.

பலர் நினைப்பதுபோல் எமது வெயில் வெங்காயத்தின் பகைவன் அல்ல. 25 முதல் 30 பாகை வரையான வெப்பத்தில் வெங்காயம் நன்றாகவே உறங்கும். உறைநிலைக்கு அண்மையான குளிரிலும் உறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட 10 முதல் 20 பாகையில்தான் விரைவாக முளைவிடும். குளிர்பட்ட குமிழ் நட்ட பின்பு பூத்தண்டையும் தள்ளும். ஆகவே எஞ்சிய விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெங்காயப்பூ வறைக்கு ருசிதான். ஆனால் பூவுக்குப் போன சத்து குமிழுக்கு வராது.

இதற்கு நேர் எதிரானது ரியூலிப் என்னும் பூக்குமிழ். அது பல கிழமைகள் கடுங்குளிரில் கிடந்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். கற்பிட்டிக் கோட்டையை 1667 முதல் 1676 வரையான காலத்தில் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டில் இக்குமிழ் பெரும் வியாபாரம். அங்கே 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜேர்மானியப் படைகளின் பிடியில் இருந்த மேற்குப் பகுதி மக்களுக்கு உணவு வரவில்லை. ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியால் இறந்தனர். போரினால் நடப்படாமல் களஞ்சியங்களில் எஞ்சியிருந்த பூக்குமிழ்களை, நடுவிலுள்ள நச்சு முளையை நீக்கிவிட்டு, அவித்தும் அரைத்தும் மக்கள் உண்டார்கள். பசிக்கு முன் விதை என்று பேசுவது எளிதல்ல என்பது எமக்குத் தெரியும். எமது கிராமங்களிலும் 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது விதைக்கு வைத்ததை விற்று அரிசி வாங்கிய வீடுகள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பசியில்லாத வருடத்திலும் அந்தச் சாக்கு வீணாகப் போவதே எமது கவலை.

விதையைத் தெரிவது எப்போது?

பெரும்பாலானோர் அறுவடையில் பெரிய, நல்ல நிறமானதை விற்றுவிட்டு, விலைபோகாத பொடியை விதைக்கு ஒதுக்குகின்றனர். பொடி என்பதால் மட்டும் அது கெட்ட விதையல்ல. சின்ன வெங்காயத்தில் பெரிய குமிழை நட்டால் பல சிறு குமிழ்களாகப் பிரியும்; சிறியதை நட்டால் சிலவே வந்தாலும் பருமனாக வரும். ஒன்றரை முதல் இரண்டு சதமமீற்றர் வரை குறுக்களவுள்ள நடுத்தரக் குமிழே விதைக்கு ஏற்றது. பிரச்சினை வேறு. அந்தப் பொடி ஏன் பொடியாயிற்று என்பதே கேள்வி. நெருக்கத்தால் சிறுத்ததா, நோயால் சிறுத்ததா? காய்ந்த பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஆகவே விதையைத் தெரிய வேண்டிய இடம் களஞ்சியம் அல்ல, பச்சைத் தோட்டம். நட்டு 45 நாள் அளவில், தாள் நிமிர்ந்து நிற்கும்போதே, ஒரே சீரான, நோயில்லாத பாத்திகளைப் பார்த்து நாலு மூலைக்கும் தடி நட்டு அடையாளம் செய்யுங்கள். அடியழுகல் கண்ட இடத்திலிருந்தும், இலை முறுகிச் சுருண்ட இடத்திலிருந்தும் ஒரு குமிழ்கூட விதைக்கு எடுக்க வேண்டாம். இந்நோய்கள் குமிழோடு பயணம் செய்பவை. எஞ்சிய சாக்கை அயலவருக்கு இரவல் கொடுக்கும்போது நோயையும் சேர்த்தே கொடுக்கின்றோம்.

அடையாளமிட்ட பாத்திக்குக் கடைசிக் காலத்தில் யூரியா போட வேண்டாம். பிந்திப் போடும் நைதரசனால் தாள் கறுத்துச் செழிக்கும். கழுத்து தடித்து மூடாமல் நிற்கும். அந்தக் கழுத்து வழியாகவே அழுகல் உள்ளே போகும். (இதில் வேறொரு விடயமும் உண்டு. மணலில் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காதது நேரே கிணற்றுக்குத்தான் போகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. பால்மா கரைக்கும் தண்ணீரும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். இதைத் தனிப் பாடமாக எழுத வேண்டும்.)

அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பாதிக்கு மேல் தாள் சாய்ந்ததும் கிண்டலாம். கிண்டியதை ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி பரப்பி, மூன்று நான்கு நாள் தோட்டத்திலேயே காயவிடுங்கள். நேர் வெயில் குமிழில் பட்டால் அவிந்துவிடும். பிறகு நிழலில் பத்து நாள். கழுத்தை விரலால் நசுக்கினால் ஈரம் தெரியக்கூடாது. உரசினால் தோல் சரசரக்க வேண்டும். இந்தக் காய்ச்சல் சரியாக இல்லாவிட்டால் எந்தக் களஞ்சியமும் காப்பாற்றாது.

தாளோடு பிடி கட்டித் தொங்கவிடுவதே முதற்றரமான வழி. குசினி போதாதென்றால் கிடுகுக் கொட்டில் ஒன்று போடலாம். கூரை தாழ்ந்து, சாரல் வராமல் இருக்கட்டும்; பக்கங்கள் திறந்திருக்கட்டும். தாளில்லாமல் உதிரியாக உள்ளதைத் தரையிலிருந்து இரண்டடி உயர்ந்த தடித் தட்டில் பரப்பலாம். ஓரடிக்கு மேல் குவிக்க வேண்டாம். பொலித்தீன் வேண்டவே வேண்டாம். கிழமைக்கொரு தடவை கைபோட்டுப் பார்த்து மெதுவானதை எடுத்துவிடுங்கள். சிறுபிள்ளைகள் இந்த வேலையை விருப்பத்தோடு செய்வார்கள். அழுகியதை எருக்குழிக்குள் போடாமல் தோட்டத்துக்கு வெளியே ஆழப் புதைக்க வேண்டும். எவ்வளவு கவனமாக வைத்தாலும் மூன்று மாதத்தில் நிறையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகலாம். ஆகவே 250 கிலோ நட விரும்புபவர் 375 கிலோ வைக்க வேண்டும்.

எஞ்சியதை நடும் காலம்

இனி அந்த எஞ்சிய சாக்குக்கு வருவோம். பங்குனியில் கிண்டிய வெங்காயத்தை வைத்து வைகாசியில் நடுகின்றோம் என்று கொள்வோம். அதன் அறுவடை ஆடி மாதத்தில். அதிலிருந்து விதை வைத்தால் மாரி மழை முழுவதையும் தாண்டி மார்கழி, தை வரை ஐந்தாறு மாதம் காக்க வேண்டும். எமது மண்டபத்தில் நடந்தது இங்கேதான் நடந்தது. நீண்ட காலம், நடுவில் ஈரம்.

வைகாசி நடுகையில் எஞ்சிய இரண்டு அந்தரை மேற்சொன்னபடி தொங்கவிட்டு, ஜூலை நடுப்பகுதியில், தலவில ஆகஸ்ட் பெருவிழாவுக்குச் சனங்கள் வரத் தொடங்குமுன், தனியாக ஒரு விதைப் பாத்தியாக நட்டால் என்ன? நூறு கிலோவுக்குப் பதினாறு பேர்ச்சஸ் நிலம் போதும். செப்டெம்பர் கடைசியில் கிண்டலாம். அது சோளகக் காற்று இன்னும் வீசும் காலம். வெளிநாட்டார் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்பு நீரில் சறுக்கி விளையாட வருவதும் இந்தக் காற்றுக்குத்தான். எமக்கு அது காசில்லாத உலர்த்தி. ஒன்றுக்கு ஐந்து விளைந்தாலும் 500 கிலோ. அதில் 375 கிலோவை விதைக்குத் தெரிந்துகொண்டு மீதியை விற்கலாம். அது தண்ணீர் இறைத்த செலவுக்கு உதவும். களஞ்சியத்தில் இருக்க வேண்டிய காலமும் ஐந்தாறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைகின்றது. ஐப்பசி மழை பிடிக்கும்போது குமிழ் புதியது, காய்ந்தது, ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பது.

தோல்விக்குப் பின் எமது குழுவில் ஆறு பேர் இப்படிச் செய்தார்கள். நால்வருக்குச் சரியாக வந்தது. ஒருவருடைய கிணறு ஆவணியில் உவர்த்துவிட்டது. வெங்காயம் உப்பைத் தாங்காது, தாள் நுனி கருகிப்போயிற்று. எனவே ஓகஸ்ட் மாதத்தில் நீர் உவர்க்கும் கிணறு உள்ளவர்களுக்கு இந்த வழியை நாம் சிபாரிசு செய்வதில்லை. இன்னொருவர் முந்திய போகம் அடியழுகல் வந்த அதே பாத்தியில் நட்டார். வெங்காயத்துக்குப் பின் வெங்காயம் நடாமல், கச்சான், மிளகாய், பீற்றூட் என்று வேறு பயிர் செய்த நிலத்தையே விதைப் பாத்திக்கு எடுக்க வேண்டும்.

நடும் நாளில் குமிழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, காய்ந்த தாளையும் பழைய வேரையும் நீக்குங்கள். சதையை வெட்டிக் காயப்படுத்த வேண்டாம். பங்கசுநாசினி எது, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்வது நல்லது. கடைக்காரர் சொல்லும் அளவு அவருடைய வியாபாரத்துக்கு ஏற்ற அளவாக இருந்துவிடலாம். வேர்ப் பக்கம் கீழாக, நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஊன்றி, உடனே நீர் விடுங்கள். மணலில் ஆழப் புதைத்தால் முளை பிந்தும்.

முளைவிட்டுப்போன குமிழ்களைச் சேமிக்க நினைக்க வேண்டாம். அவற்றைக் கிணற்றடியில் ஒரு பாத்தியில் நெருக்கமாக ஊன்றினால் ஒரு மாதத்தில் தாளாகப் பிடுங்கலாம். வீட்டுக்கும் ஆகும், சந்தைக்கும் ஆகும். மிகப் பெரிய குமிழ்களைக் கறிக்கு எடுங்கள். மெதுவானதற்கு வழி ஒன்றே, குழி.

ராத்தாவின் குசினியில் இப்போது தடிகள் இரண்டு வரிசை. ஒவ்வொரு பிடியிலும் துணிக்கீலம் ஒன்று கட்டியிருக்கின்றது. கிண்டிய மாதத்துக்கு ஒரு நிறம். சென்ற மார்கழியில் அயல் வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு இரண்டு அந்தர் விதை கொடுத்தார். என்ன பேச்சு என்று கேட்டோம். "பேச்சொண்டும் இல்ல தம்பி. கிண்டினாப் பிறகு ரெண்டு அந்தர் திருப்பித் தரட்டும். நல்லாக் காய வெச்சுத் தரச் சொல்லியிருக்கன்" என்றார்.